நதியா மடித்த விலாக்கறி

ராபின் பனியன் கம்பெனியில் சேர்ந்தபோது நதியாவுக்கு அவன்மேல் ஒரு வருத்தமும் இல்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒல்லியான ஆள். பேக்கிங்கில் அப்போது கை போதவில்லை. வந்தால் வரட்டும் என்றுதான் இருந்தாள். துணியை மடித்துப் போடுகிற பிளாஸ்டிக் உறையான பாலி பேக்கின் வாயை ஊதித் திறக்கிற விதத்தைக்கூட அவள்தான் காட்டிக்கொடுத்தாள். வயிற்றெரிச்சல் பிறகு வந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஓனர் தரணீதரனின் மனைவி யாழினி பேக்கிங் டேபிள் பக்கம் வந்தாள். "தம்பி, நாளைக்கு ஊட்டுக்கு வந்துருப்பா, அண்ணன் கறி போடறாங்களாமா" என்று ராபினிடம் சொன்னாள். பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த நதியாவைப் பார்த்து, "டேப்பு தீந்துருச்சுன்னியே, வந்துருச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

அதுவரை ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு முதல் அழைப்பு நதியாவுக்குத்தான் வரும்.

அந்தக் கறியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தரணீதரனின் வீட்டில் வெண்பன்றிக் கறி படியேறாது. அந்தப் பக்கத்தில் நிறையக் குடும்பங்களில் அப்படித்தான். ஆசையாகச் சாப்பிடுவார்கள், ஆனால் சமையலறை அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். அதற்கென்று ஒரு சட்டி, ஒரு கரண்டி, ஒரு கத்தி இருக்கும். மூன்றும் புழக்கடையில் மோட்டார் ரூமுக்குள் கிடக்கும். சாப்பிட்டவர்கள் வெளிக்குழாயில் கைவாய் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குள் போக வேண்டும். பெரிய ஷிப்மெண்ட் ஒன்று ஏறிப் போனால், அடுத்த ஞாயிறு தரணீதரன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தென்னை மரத்தடியில் மூன்று கல்லை வைத்து, சின்ன வெங்காயமும் வரமிளகாயும் வாரிப் போட்டு, தானே கறி வறுப்பார். வெங்காயம் உரிப்பதும், சட்டியின் காதைப் பிடித்துக்கொள்வதும், "உப்புப் பாரு அம்முணி" என்று நீட்டப்படுகிற துண்டை வாங்கி வாயில் போட்டுக்கொள்வதும் நதியாவின் வேலை.

வேலை என்று சொன்னால் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். அது ஒரு இடம். சட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவளிடம் ஓனர் எல்லாவற்றையும் பேசுவார். சரக்கு எடுக்கிற எந்த வெளிநாட்டு பையர் இழுத்தடிக்கிறான், எந்த ஆர்டர் கைநழுவிப் போகும், அடுத்த மெஷின் எங்கே போடுவது என்று எல்லாம் கரண்டி கிண்டுகிற சத்தத்தோடு அவள் காதில் விழும். திங்கட்கிழமை மேனேஜர் ரகசியம் போலச் சொல்ல வருகிற சேதி அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையே பழசாகியிருக்கும். "அப்படீங்களா?" என்று அவள் கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொள்கிற அழகைப் பார்த்து டேபிளில் இருக்கிற பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள்.

அந்த இடத்துக்கு அவள் சும்மா வந்துவிடவில்லை. அப்பா மொக்கைச்சாமி உசிலம்பட்டியிலிருந்து சாயப்பட்டறை வேலைக்கு வந்தவர். நதியா பிறந்தது அனுப்பர்பாளையத்து லைன் வீட்டில். சுற்றிலும் பாத்திரப் பட்டறைகள், விடிந்ததிலிருந்து தட்டுகிற சத்தம். பத்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு கைமடி, அதாவது தையல்காரருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுப்பதும் தைத்து வந்ததை வெட்டி அடுக்குவதும். அதிலிருந்து செக்கிங். செக்கிங்கிலிருந்து அயர்னிங், பேக்கிங். இப்போது பேக்கிங் சூப்பர்வைசர். வீட்டில் அம்மா ஒச்சம்மாளோடு பேசினால் உசிலம்பட்டி வாசம் அடிக்கும். கம்பெனிக்குள் கால் வைத்தால் நாக்கு தானாக "ஏனுங்க", "இல்லீங்க" என்று திரும்பிவிடும். புதிதாகச் சேருகிற மேனேஜர்கள் அவளை ஊர்க்காரி என்றே நினைத்துக்கொள்வார்கள். அவளும் திருத்த மாட்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் தரணீதரன் அமெரிக்கா போய்வந்தார். பையர் ஒருவன் தன் வீட்டுப் புழக்கடையில் பன்றி விலாவைப் பாளம் பாளமாகப் புகையில் வேகவைத்துப் போட்டிருக்கிறான். வந்து இறங்கியதிலிருந்து அவருக்கு அதே பேச்சு. அனுப்பர்பாளையத்தில் தெரிந்த பட்டறைக்காரரிடம் போன் வீடியோவைக் காட்டி, ஆள் படுக்கிற நீளத்துக்கு இரும்பில் ஒரு பீப்பாய், பக்கவாட்டில் நெருப்புக்கு ஒரு பெட்டி, மறுகோடியில் ஒரு குழாய் என்று அடித்து வாங்கிவிட்டார். "ஸ்மோக்கருங்க" என்று அவர் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். சாயப்பட்டறை கண்ட ஊர் கேட்குமா? அதற்கு "பாய்லர்" என்று பெயர் விழுந்துவிட்டது.

ராபின் துபாயில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இரண்டு வருஷம் கிடந்தவன். அங்கே இதே மாதிரிப் பெட்டியைப் பார்த்திருக்கிறான். போதாதா? சட்டி மோட்டார் ரூமை விட்டு வெளியே வரவில்லை. புகைக்கறிக்குச் சின்ன வெங்காயம் வேண்டாம். காது பிடிக்கச் சட்டி வேண்டாம். பாய்லருக்குப் பக்கத்தில் ராபின் நின்றான். ஓனர் அவனிடம் பேசினார். மோட்டார் ரூம் ஆணியில் ராபினுக்கென்று ஒரு நீலக் கப் தொங்க ஆரம்பித்தது. நதியாவுக்கு டீ வந்தால் காகிதக் கப்பில் வரும். "தம்பி அவனாவே கழுவி மாட்டிக்குவான் நதியா, அதுக்குத்தான்" என்று யாழினி ஒருமுறை, யாரும் கேட்காமலே, சொன்னாள். நதியா கழுவ மாட்டாளா என்ன?

திங்கட்கிழமைகளில் சேதி தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ராபின் வந்து, "அக்கா, அந்த கிட்ஸ் ஆர்டர் தள்ளிப் போகுதாம்லா" என்பான், கள்ளமில்லாமல். "தெரியுமே" என்பாள். தெரியாது.

இதற்கு நடுவில் குன்னத்தூர் வந்தது. தரணீதரன் அங்கே ஒரு ஷெட் பிடித்து, ஐம்பது மெஷின் போட்டு, ஒரு யூனிட் தொடங்குவதாக இருந்தார். அதற்கு ஒரு இன்சார்ஜ் வேண்டும். நதியாவா ராபினா என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. அவள் மனசுக்குள் எப்போதோ குன்னத்தூர் போய்விட்டிருந்தாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு நாற்காலி. "மேடம், பார்சல் லாரி வந்துருச்சுங்க" என்று யாராவது வந்து நிற்பது. யாழினியே அங்கே வந்தாலும் எதிரில் உட்கார வேண்டியது. அந்த நாற்காலியில் ராபின் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

அந்தச் சனிக்கிழமை தரணீதரன் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். "நாளைக்கு நம்மூட்டுல கறி. பன்னண்டு பாளம் சொல்லியிருக்கறேன். குன்னத்தூருக்கு யாருன்னு அங்கயே சொல்லீர்றேன். வந்துருங்க."

மறுநாள் காலையில் அவள் சேலை கட்டுவதை அவள் புருஷன் மாதவன் கட்டிலில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டி, பன்னிக்கறி திங்கப் போறதுக்குப் பட்டுச் சேலையா?"

"பட்டு இல்லய்யா. சில்க் காட்டன்."

"அந்தப் பன்னிக்குத் தெரியுமா அது?"

"நீ வேலைக்குப் போற எடத்துல உன்னைய எவனாவது கூப்புட்டுக் கறி போட்டிருக்கானா? பேசாமக் கெட."

"போடுவாய்ங்க, போடுவாய்ங்க. எனக்கு ரெண்டு எலும்பு கட்டிட்டு வா. இன்சார்ஜ் ஆனாலும் சரி, ஆகாட்டியும் சரி."

அவள் போய்ச் சேர்ந்தபோது பாய்லர் குழாயிலிருந்து வெளிறிய புகை மெலிசாகப் போய்க்கொண்டிருந்தது. ராபின் விடியும் முன்பே வந்து கொய்யா விறகில் நெருப்புப் பிடித்து, பாளங்களை ஏற்றிவிட்டிருந்தான். சட்டையெல்லாம் புகை. கையில் நீலக் கப். தரணீதரன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நதியாவைக் கண்டதும் பேச்சு நின்றது. நின்றதை அவள் கவனித்தாள்.

"வா அம்முணி. எலும்புக்கு அக்கட்டச் சவ்வு ஒண்ணு இருக்குதாமா, அத உரிச்சாத்தான் காரம் உள்ள எறங்குமாமா. ராபினு வழுக்காம பனியன் பிட்டுத் துணியில புடிச்சு ஒரே இழுப்பா இழுத்துப்போட்டான் பாரு. பன்னண்டையும்!"

"நல்லதுங்கண்ணா" என்றாள். கழிவுத் துணியால் ஒரு சவ்வை இழுப்பதற்கு இவ்வளவு பாராட்டா?

ராபின் மூடியைத் தூக்கினான். தட்டு ஸ்டாண்டை வளைத்துச் செய்த கம்பிகளுக்கு நடுவே பன்னிரண்டு பாளங்களும் புத்தகம் மாதிரி நிமிர்ந்து நின்றன. மிளகும் நாட்டுச்சர்க்கரையும் பூசின மேல்தோல் செம்மண் நிறத்துக்கு வந்திருந்தது. நெருப்புப் பக்கம் இருக்கிறவை முந்திக்கொள்ளும் என்பதால் அவற்றை எடுத்துக் குழாய்ப் பக்கம் வைப்பதும், அங்கிருப்பவற்றை இங்கே கொண்டுவருவதுமாக அவன் இடுக்கியால் இடம் மாற்றிக்கொண்டே இருந்தான். வாசனையைக் குறை சொல்ல முடியவில்லை.

"இனி ஃபாயில்ல பொதியணும்ண்ணே" என்றான். "நெய்யும் சர்க்கரைப் பாகும் ஊத்தி, இறுக்கிச் சுத்திட்டா அந்த ஆவியிலயே எலும்ப விட்டுரும். எல்லாத்தையும் ஒண்ணா வைக்க எடம் பத்தாது. மொத ஆறு இப்ப, மிச்சம் ஆறு பொறவு."

தரணீதரன் தொடையில் தட்டினார். "பேக்கிங்கா? பேக்கிங்குக்கு நம்ம நதியா இருக்கறா. இத அவகிட்ட உடு. நெருப்பு உம்பட டிபார்ட்மெண்டு, பேக்கிங் அவ டிபார்ட்மெண்டு. பாக்கலாம் ரெண்டு பேர்த்த வேலையையும்."

எல்லாரும் கேட்கத்தான் சொன்னார். அதற்குள் செக்கிங், அயர்னிங் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். நதியா சேலையைத் தூக்கிச் செருகினாள். பழைய அயர்னிங் டேபிள் ஒன்று மரத்தடியில் கிடந்தது. அதைத் துடைத்து, ஃபாயில் சுருளை உருட்டி, இரண்டு இரண்டு தாளாக வெட்டி அடுக்கினாள்.

"எலும்பு மொன குத்திரும்க்கா, ரெட்டத் தாளு..."

"ரெட்டையாத்தான் வெட்டியிருக்கறேன், கண்ணு தெரியலியா?"

"கறி கீழ பாக்கணும், எலும்பு மேல..."

"மொகத்தக் கீழ வெச்சு மடிக்கறத நீ எனக்குச் சொல்லிக் குடுக்கறயா ராபினு?"

டேபிளைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டி-ஷர்ட்டும் அப்படித்தானே, முகம் கீழே, முதுகு மேலே, இடது கை, வலது கை, அடி மடிப்பு. ராபின் இடுக்கியால் ஒவ்வொரு பாளமாகக் கொண்டுவந்து வைக்க, அவள் நெய்யை ஊற்றி, பாகை ஊற்றி, மடித்தாள். இடது விளிம்பு, வலது விளிம்பு, அடியிலிருந்து மேலே ஒரு சுருட்டு, நகத்தால் ஒரு கோடு. சுடச்சுட இருக்கிற கறியை அவள் விரல்கள் துணியைப் போலவே தொட்டன. ஒன்றைப் போல இன்னொன்று. அளவு பிசகவில்லை, மூலை பிதுங்கவில்லை. முடிந்ததும் பொட்டலத்தைப் புரட்டி, தாலிக்கொடியில் கோத்திருக்கிற ஊக்கைப் பிடுங்கி, அடிப்பக்கத்தில் இரண்டு குத்துக் குத்தித் தந்தாள்.

அதை அவள் யோசித்துச் செய்யவில்லை. பாலி பேக்கில் ஓட்டை இல்லாமல் வெளிநாட்டுக்குப் பெட்டி போகாது. குழந்தை எடுத்து முகத்தில் கவிழ்த்துக்கொண்டால் மூச்சுப் போக வேண்டும், உள்ளே ஈரம் தங்காமல் காற்றும் போக வேண்டும் என்பது பையர்களின் கண்டிப்பு. ஓட்டை போடாத பைகள் வந்து இறங்குகிற நாளில் அவளே ஊக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். காற்றுக்கு வழியில்லாத பொட்டலம் அவள் கண்ணுக்கு முடியாத வேலை. கை முடித்துக் கொடுத்தது, அவ்வளவுதான். சுற்றி நின்றவர்களுக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. அவர்களும் அந்த டேபிளில் வளர்ந்தவர்கள்தானே. ராபின் அந்நேரம் நெருப்புப் பெட்டியில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

தரணீதரன் ஒரு பொட்டலத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். "அட, இத அப்பிடியே கார்ட்டன்ல போட்டு அமெரிக்காவுக்கே அனுப்பீறலாம் போல இருக்குதே! யாழினி, இங்க வந்து பாரு!"

யாழினி வந்து பார்த்து, "ஏ, நல்லா இருக்குது நதியா" என்றாள். நதியாவுக்கு வெயிலே உறைக்கவில்லை. ஓரக்கண்ணால் ராபினைப் பார்த்தாள். அவனும் சிரித்தபடி தலையாட்டினான். அவன் கொஞ்சம் முகம் சுளித்திருந்தால் அவளுக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ஆறு பொட்டலங்களும் நெருப்புப் பக்கம் ஏறின. மிச்ச ஆறு பாளங்கள் மறுகோடியில் புகையில் நின்றன. பெண்கள் வாழை இலை நறுக்கினார்கள், ரசம் கொதித்தது, யாரோ பாட்டுப் போட்டார்கள். சாப்பாட்டுக்கு இன்னும் நேரமிருந்தது. அப்போது குழாயிலிருந்து வந்த புகை கறுத்தது. அடுத்து, மூடி இடுக்கு வழியாக ஒரு தீ நாக்கு வெளியே வந்து உள்ளே போனது.

"ராபினு! என்னப்பா அது?"

ராபின் ஓடிவந்து காற்றுத் துவாரத்தை அடைத்தான். தீ அடங்கியது. திறந்துவிட்டால் மறுபடி பிடித்தது. உள்ளே நெய் பற்றி எரிகிற மணம். "எண்ண எங்கிருந்து வருதுன்னு தெரியலண்ணே... வரக்கூடாதே..." என்று அவன் குனிந்து குனிந்து பார்த்தான்.

"வெறகப் போட்டு வெசயாத் தள்ளீட்டியா?"

"இல்லண்ணே, நெதானமாத்தான்..."

"என்ன நெதானம்? கண்ணுக்கு முன்னால திகுதிகுன்னு எரியுது! இத்தன பேர்த்தக் கூப்புட்டு ஒக்கார வெச்சிருக்கறேன்!"

தரணீதரனின் குரல் உயர்ந்து நதியா கேட்டதே இல்லை, அதுவும் ராபினிடம். அவளுக்கு நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வாயைத் துணியால் மூடிக்கொண்டு கவலைப்படுகிறவள் போல நின்றாள். துணிக்குள்ளே சிரிப்பு.

தரணீதரன் கோபத்தில் திரும்பினார். "ஒரு பெட்டி நெருப்பக் கட்டி மேய்க்க முடியாதவன், ஐம்பது மெஷினக் கட்டி மேய்ச்சுருவானா? நான் சொல்லீர்றேன். குன்னத்தூருக்கு நதியா போகட்டும். வேலைன்னா அவ மடிச்சாளே, அது வேலை!"

செக்கிங் பெண்கள் கை தட்டினார்கள். யாரோ "மேடம்!" என்றார்கள். எத்தனை நாள் இந்தச் சொல்லுக்குக் காத்திருந்தாள்! "நீங்க சொன்னாச் சரீங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, ஒரு சந்தோஷத்தில், பொட்டலங்களை இறக்குவதற்கு அவளே கையுறையை மாட்டிக்கொண்டு போனாள்.

முதல் பொட்டலத்தைத் தூக்கினாள். எடையே இல்லை. அடியைப் பார்த்தாள். ஊக்குக் குத்தின இரண்டு இடத்திலிருந்தும் கறுப்பாக இரண்டு கோடுகள் வழிந்து காய்ந்திருந்தன. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஊற்றின நெய்யும் பாகும் கறிச்சாறும் அத்தனையும் அந்த வழியாக இறங்கி நெருப்பில் சேர்ந்திருந்தது. ஆறிலிருந்தும். நெருப்புக்கு விறகு போட்டவன் ராபின் இல்லை, அவள்தான்.

அதற்குள் ராபின் வந்து பொட்டலத்தை அவள் கையிலிருந்து வாங்கி டேபிளில் வைத்துப் பிரித்தான். கறி உப்புக்கண்டமாட்டம் காய்ந்து, கருகிச் சுருண்டு கிடந்தது. ஃபாயிலைத் தூக்கியபோது வெயில் இரண்டு ஓட்டை வழியாகவும் வந்து அவன் சட்டையில் புள்ளி வைத்தது. அவன் பார்த்தான். அடுத்த பொட்டலத்தைத் திருப்பினான். அதையும் பார்த்தான். பிறகு நிமிர்ந்து நதியாவைப் பார்த்தான்.

சொல்லப் போகிறான், போனது குன்னத்தூர்.

ராபின் ஃபாயிலைக் கசக்கி உருண்டையாக்கிக் குப்பை டிரம்மில் போட்டான். ஒவ்வொன்றாக, ஆறையும் பிரித்து, ஓட்டைகள் உள்ளே போகும்படி கசக்கிப் போட்டான். "நெருப்பு கூடித்தான் போச்சுண்ணே" என்றான் எல்லாருக்கும் கேட்க. "என் தப்புதான். மன்னிச்சிருங்க."

தப்பித்தாள். யாருக்கும் தெரியாது. அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அப்போது யாழினி ஒரு சொம்பு மோரோடு படியிறங்கி வந்தாள். கூட்டத்தைத் தாண்டி, நதியாவைத் தாண்டி, ராபினிடம் போனாள். "குடி தம்பி. அண்ணன் கோவத்துல கத்தறதுதான். மனசுல வெச்சுக்காத. நெருப்புக்கிட்ட கெடந்து மொகமே வாடிப் போச்சு பாரு."

ராபின் மோரை வாங்கினான். தரணீதரனும் தணிந்துபோய் அவன் பக்கம் நகர்ந்தார். "செரி உடு" என்று தோளைத் தொட்டார். நதியாவைச் சுற்றி யாரும் இல்லை. இன்சார்ஜ் ஆனவள் டேபிள் ஓரமாகக் கையுறையோடு நின்றாள். தோற்றவனைச் சுற்றி வீடே நின்றது. அதுவும் அவள் செய்த தப்பை வைத்துக்கொண்டு! அவள் பாவத்தை எடுத்துத் தன் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு நிற்கிறான். இனி குன்னத்தூரில் அந்த நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொரு நாளும் அது ராபின் போட்ட நாற்காலி. இவன் நல்லவன், நான் அவனிடம் வாங்கித் தின்கிறவள்.

அவளால் பொறுக்க முடியவில்லை. நல்ல மனசு வந்து சொன்னாள் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. அந்த மோர்ச் சொம்புதான் சொல்ல வைத்தது.

"அண்ணா, அது நெருப்பில்லீங்க."

"என்ன அம்முணி?"

"நான் ஓட்ட போட்டுட்டேனுங்க."

"எதுல ஓட்ட?"

"ஃபாயில்லீங்க. பாலி பேக்குக்குப் போடற மாதிரி. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு. அதுல நெய்யெல்லாம் எறங்கித்தான் தீப்புடிச்சுது. ராபினுக்கும் தெரியும். பாத்துட்டுத்தான் கசக்கிப் போட்டான்."

தரணீதரன் குப்பை டிரம்மில் கைவிட்டு ஓர் உருண்டையை எடுத்துப் பிரித்தார். வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். முதலில் யாழினிக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு செக்கிங் பெண்களுக்கு. "அக்கா, சைஸ் ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கலாமில்லீங்க?" என்றாள் ஒருத்தி. "பார்கோடு உட்டுப்போச்சு!" என்றாள் இன்னொருத்தி. புழக்கடையே அதிர்ந்தது. நதியாவும் சிரிக்க வேண்டியிருந்தது. முகம் எரிந்தது.

தரணீதரன் சிரிக்கவில்லை. ராபினைப் பார்த்துக் கேட்டார். "தெரிஞ்சும் ஏம்ப்பா உம்பட தப்புன்னே?"

ராபின் கீழே பார்த்தான். "அக்காவுக்குன்னு சொல்லிட்டீங்கண்ணே. ரொம்ப நாளா ஆசப்படுதாங்க. நான் வாயத் தொறந்தா அது போயிரும்லா."

இதற்கு மேல் என்ன வேண்டும்? தரணீதரனின் கண் கலங்கிவிட்டது. அவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். வீணாகக் கத்திவிட்டேனே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு நதியாவிடம் வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "தப்பா நெனச்சுக்காத அம்முணி. குன்னத்தூருக்கு அவனே போகட்டும். நீ இங்க இருந்தாத்தான் எனக்கு நிம்மதி. மெயின் பேக்கிங்க உட்டுட்டு நீ போனீன்னா நான் என்ன பண்றது?"

"செரீங்கண்ணா" என்றாள். இந்த மாதிரிப் பேச்சு எதற்குப் பேசப்படுகிறது என்று அவளுக்குத் தெரியும். அவளே கைமடிப் பெண்களிடம் பேசியிருக்கிறாள்.

மிச்ச ஆறு பாளங்கள் காத்திருந்தன. பசியோடு ஆட்களும். அவள்தான் மடிக்க வேண்டும். வேறு யாருக்கு அந்தக் கை வரும்? டேபிளுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் ராபின். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

"என்னத்துக்குக்கா சொன்னீங்க? நான்தான் மூடிட்டேன்லா?"

"நீ யாருடா மூடறதுக்கு?"

"நல்லதுக்குத்தானக்கா பண்ணுனேன்."

"அந்த நல்லதுதான் எனக்கு வேண்டாங்கறேன். நீ கீழ போட்டத நான் குனிஞ்சு எடுத்துக்கறதா? கெடச்சா எம்பட கையால கெடைக்கோணும். இல்லீன்னா போகோணும்."

"இப்பப் போயிருச்சேக்கா."

"போகட்டும். நெய்ய ஊத்து. சிந்தாம ஊத்து."

அவன் ஊற்றினான். அவள் மடித்தாள். ஊக்கின் பக்கம் கை போகாமல் இருக்க, ஒவ்வொரு முறையும் அவள் வலது கையை இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"அப்ப நான் குன்னத்தூருக்குப் போகட்டுமா, வேண்டாமாக்கா?"

"போ. நல்லாப் போ. போற எடத்துல ரொம்ப நல்லா மட்டும் இருந்துறாத."

ராபின் வாய்விட்டுச் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மெய்யாகத்தான் சொன்னாள்.

பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான் இலை போட்டார்கள். இரண்டாவது ஆறு பொட்டலங்களையும் பிரித்தபோது ஆவி குப்பென்று எழுந்தது. எலும்பைப் பிடித்து ஆட்டினால் கறி தானாக விட்டு விழுந்தது. பாதிக் கறிதான் என்பதால் ஆளுக்கு இரண்டு மூன்று எலும்பு. "பஞ்சாட்டம் இருக்குது ராபினு!" "ராபினு, குன்னத்தூர்ல ஒரு பாய்லர் போட்டுரு, நாங்க பஸ் ஏறி வந்தர்றோம்!" வரிசை முழுக்க அவன் பெயர்தான் ஓடியது. மடித்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நதியா கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மாதவனுக்கென்று ஓர் எலும்பை முதலிலேயே இலைத் துண்டில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். மிச்சத்தில் ஒன்றை எடுத்துக் கடித்தாள். எங்கேயாவது வேகாமல் இருக்குமா என்று பார்த்தாள். புகை கூடுதலாகக் கசக்குமா என்று பார்த்தாள். இனிப்பு திகட்டுமா, காரம் குறையுமா என்று நாக்கில் வைத்துத் தேடினாள். கொய்யாப் புகையும் நெய்யும் நாட்டுச்சர்க்கரையும் மிளகும் ஒன்றோடொன்று சேர்ந்து தொண்டையில் இறங்கின. ஒரு குறையும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாளவில்லை. எலும்பை நக்கிக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

கறித் தட்டோடு யாழினி வரிசையில் வந்தாள். அவள் இலைக்கு முன்னால் நின்று, "எப்படி இருக்குது நதியா, தம்பியோட கறி?" என்று கேட்டாள்.

நதியா வாயில் இருந்ததை மென்று முழுங்கினாள்.

"உப்பு சித்தெ கம்மீங்கக்கா" என்றாள். இலையைக் கறித் தட்டுக்கு நேராக இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.